வீடு பார்க்கும் படலம்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். சொந்த ஊரில், சொந்த மண்ணில், தச்சரும் கொத்தனாரும் தலைமுறை தலைமுறையாக அறிமுகமானவர்களாய் இருந்த காலத்துப் பழமொழி அது. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மில் பலருக்குக் கட்டிப்பார்க்கும் வாய்ப்பு அமைவதில்லை. மனை வாங்கவே கைப்பொருள் போதாது. ஆகவே பிறர் கட்டி, பிறர் வாழ்ந்து, பிறர் மூத்து மறைந்த வீட்டையே நாம் சென்று பார்க்கிறோம். பெண் பார்ப்பதைப் போல இதுவும் ஒரு படலம்தான். வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே விசாரித்தறிய உற்றார் உறவினர் பலர் இருப்பர். இங்கே வீடு வாய் திறக்காது, தரகர் வாய் மூடமாட்டார்.

கட்டட வேலைகளோடு முப்பது ஆண்டுகள் பழகியவன் என்ற காரணத்தால், பெங்களூரில் உறவினரும் நண்பரும் பழைய வீடு பார்க்கச் செல்லும்போது என்னையும் அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் சென்ற ஆண்டு என் தங்கை மகனுக்காகப் பார்த்த வீட்டைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறேன். பதினான்கு ஆண்டுகளில் ஆறு வாடகை வீடுகள் மாறிய குடும்பம் அது. அவன் தன் சேமிப்போடு, என் தங்கை தன் கணவர் மறைந்தபின் கிடைத்த வருங்கால வைப்புநிதியில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததையும் சேர்த்தால்தான் முன்பணம் தேறும். அந்தப் பணம் போனால் திரும்ப ஈட்ட அவளுக்கு வயதில்லை. ஆதலால், "பார்த்துச் சொல்லுங்கள் மாமா" என்று அவன் சொன்னபோது, அதை ஒரு சம்பிரதாய வார்த்தையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் கைக்கு எட்டிய விலையில் இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, நகரின் எல்லைக்கு வெளியே, பளபளக்கும் அடுக்குமாடியில் ஒரு சிறு பகுதி. மற்றொன்று, நகரின் நடுவே பழைய தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரு பழைய வீடு. இவ்விரண்டில் எதைத் தேர்வது என்று கேட்டால், பலரும் முன்னதையே சொல்வர். நான் முதலில் தண்ணீரைக் கேட்பேன்.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் நகரம். அருகே பேராறு ஏதும் இல்லை. 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933 முதல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் நீர் பெற்றது. அவை போதாமற்போய், 1974-இல் காவிரியின் முதற் கட்டக் குடிநீர் வந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரம் ஏற்றி, எந்திர விசையால் தள்ளிக் கொணரப்படும் நீர் அது. நகரின் பழைய பகுதிகளுக்கு இக்குழாய் முன்னரே வந்துவிட்டது. 2007-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 110 சிற்றூர்களோ ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பியே வளர்ந்தன. அவற்றுக்கென வகுத்த காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில்தான். அதே ஆண்டுக் கோடையில் கிணறுகள் வறண்டபோது, பெருவிலை கொடுத்துப் புதுவீடு வாங்கியவர்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த காட்சியை யாரும் மறந்திருக்க இயலாது. ஏழை எளியவர் வாழும் பழைய தெருவிலோ, முறை வைத்தேனும் குழாயில் நீர் வந்தது. விலை மலிந்த பகுதியென்று நாம் தாழ்வாக எண்ணும் இடம், சில செல்வங்களில் மேலானது.

நாங்கள் பார்த்த வீடு ஸ்ரீராமபுரத்தில் இருந்தது. பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் ஆலைத் தொழிலாளர் பெருகிக் குடியேறிய பகுதி. தமிழ் ஒலிக்காத தெரு அங்கே அரிது. ஆலைகள் மூடப்பட்டுவிட்டன, மக்கள் இருக்கின்றனர். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மெட்ரோ இரயில் நிலையமும் இருக்கிறது. என் மருமகனின் அலுவலக நண்பர்கள், "அந்தப் பகுதியா?" என்று முகம் சுளித்தனராம். ஒரு பகுதியின் பெயர் கெடுவதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். அப்பெயர் மாறுவதற்கு இரண்டு தலைமுறை வேண்டும். நாங்கள் இரவு பத்து மணிக்கு ஒருமுறை அங்கே சென்று நின்றோம். கடைகளில் விளக்கு எரிந்தது. வேலை முடிந்த பெண்கள் இரயில் நிலையத்திலிருந்து தனியே நடந்து வந்துகொண்டிருந்தனர். அதற்குமேல் ஒரு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இருபதுக்கு முப்பது அடி மனை. முன்பகுதி பழையது: மண்சாந்தில் கட்டிய செங்கற்சுவர், மேலே கருங்கற் பலகைகள் பாவிய கூரை, கீழே காலடி பட்டுப் பட்டு மெருகேறிய சிவப்புக் காவித் தரை. பின்பகுதி 1996-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. அதன்மேல் மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டும். முதன்முறை சென்றது பங்குனி மாதம். சுவர்களில் புதுவண்ணம் மணத்தது. கோடைக்காலத்தில் எல்லா வீடும் நல்ல வீடே; அதிலும் புதுவண்ணம் பூசிய வீடு உத்தமமான வீடு! நான் அலமாரிக்குப் பின்னாலும், படிக்கட்டுக்கு அடியிலும், தண்ணீர்த் தொட்டியின் மறைவிலும் கைவிளக்கோடு புகுந்து பார்த்தேன். வண்ணம் பூசுகிறவர் தூரிகை அங்கெல்லாம் செல்வதில்லை. எதிர்பார்த்தபடியே, தரையிலிருந்து இரண்டரை அடி உயரம்வரை வெள்ளையாய் உப்புப் பொரிந்திருந்தது. மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி, காற்றுப்பட்டு உலரும்போது உப்பை விட்டுச் செல்கிறது. இதற்குச் சிமெண்டுப் பூச்சு மருந்தன்று. மூச்சுவிட வழியில்லாமல் ஈரம் இன்னும் உயரவே ஏறும். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினால் சுவர் பிழைத்துக்கொள்ளும். செலவு உண்டு, ஆபத்து இல்லை.

விரிசல்களைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். எல்லா விரிசலும் ஒன்றல்ல. சிலந்தி வலைபோல் பூச்சின்மேல் மயிரிழையாகப் படர்ந்திருப்பது பூச்சின் குற்றம். அதனால் வீடு விழாது. சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, ஒருபுறம் குறுகி மறுபுறம் அகன்று செல்வது கடைக்காலின் குற்றமாக இருக்கலாம். அப்படியொன்று பின்சுவரில் இருந்தது. அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடிட்டுத் தேதியை எழுதிவைத்தேன். குறுக்கே ஒரு சிறு கண்ணாடிச் சில்லையும் சாந்து வைத்து ஒட்டினேன். சுவர் இன்னும் நகர்கிறதென்றால் கண்ணாடி உடையும். வீட்டுக்கார அம்மையார் அதைப் பார்த்து, "காய்ச்சல் பார்க்கிறீர்களா ஐயா?" என்று கேட்டார். ஏறத்தாழ அதுதான்.

கூரையைப் பற்றி ஒரு சொல். கான்கிரீட்டுக் கூரை, நோய் வந்தால் முன்கூட்டியே இருமிக் காட்டும். உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருக்கும். பருத்த கம்பி அடிப்பூச்சைத் தள்ளும். காவிநிறக் கோடு தெரியும். கழியால் தட்டினால் பொள்ளென்ற ஓசை எழும். இவ்வீட்டில் குளியலறைக்கு மேலே அப்படி ஓர் ஓசை எழுந்தது. ஆறடி நீளத்துக்குக் கொத்திச் சரிசெய்ய வேண்டும். கற்பலகையோ நூறாண்டும் துருவேறாமல் இருக்கும். ஆனால் ஒடிவதென்றால் சொல்லாமல் ஒடியும். ஆதலால் ஒவ்வொரு பலகையின் அடிப்புறத்திலும் நடுவிடத்தில் விளக்கடித்துக் கீறல் தேடினேன். ஒன்பது பலகைகளும் நன்றாக இருந்தன. அன்றியும், கற்பலகைக் கூரையின்மேல் மாடி எழுப்ப இயலாது என்பதையும் என் மருமகனிடம் அப்போதே சொல்லிவிட்டேன். "பின்னால் மேலே கட்டிக்கொள்ளலாம்" என்று தரகர் சொல்லும் ஒற்றை வாக்கியத்துக்கு மட்டும் இந்நகரில் எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்திருக்கின்றன!

மின்கம்பி முழுவதும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய மரச்சட்டத்துக்குள் ஓடிய கம்பிகள், நில இணைப்பு இல்லை. நீர்க்குழாய்கள் இரும்பு, இரண்டு குழாய்களை ஒருசேரத் திறந்தபோது இரண்டாவதில் நூலாய் ஒழுகியது. நிலைக்கதவின் அடியில் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். தேக்கு, கரையான் தொடவில்லை.

என் கருவிகள் கண்டதைவிட மருமகனின் மனைவி கேள்வியால் கண்டறிந்தது மிகுதி. அவள் வீட்டுக்குள் அதிகம் சுற்றவில்லை. தெருக்குழாயடியில் நின்ற பெண்களிடம் சென்று, "மழை பெய்தால் இந்தத் தெருவில் யார் முதலில் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள்?" என்று கேட்டாள். ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லாரும் எதிர்வரிசையின் கடைசி வீட்டைக் காட்டினர். நம் வீடு அன்று. காரணம் எளிது. இந்நகரில் சாலை போடுவோர் பழைய சாலையைச் சுரண்டி எடுப்பது அரிது, அதன்மேலேயே போடுவர். இருபது ஆண்டுகளில் சாலை உயரும், வீடு பள்ளத்தில் இறங்கும். மூன்று படி ஏறிச் சென்ற வீட்டுக்கு இப்போது ஒரு படி. ஒரு படி இருந்த வீட்டுக்கு இறங்கித்தான் செல்ல வேண்டும். நாங்கள் பார்த்த வீட்டுக்கு இன்னும் இரண்டு படிகள் மிச்சம் இருந்தன. வைகாசியில் ஒரு மாலை பேய்மழை பெய்தது. தொலைபேசியில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு குடையோடு ஓடினோம். எதிர்வரிசைக் கடைசி வீட்டில் வாளிகள் வெளியே வந்தன. இங்கே தண்ணீர் முதற்படியை நனைத்து நின்றது. கண்ணாடிச் சில்லு உடையவில்லை.

இனிப் பக்கத்துச் சுவர். நெருக்கமான பழைய தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர் இருப்பதுண்டு. இன்று அது பாதுகாப்பு. நாளை அண்டை வீட்டுக்காரர் இடித்து நான்கு மாடி எழுப்பும்போது, நம் உத்தரம் எதன்மேல் நிற்கும்? மேற்குச் சுவர் பொதுச்சுவர் என்று தெரிந்தது. பத்திரத்தின் நாற்பக்க எல்லை விவரத்திலும் அவ்வாறே எழுதியிருந்தது. எழுதியிருப்பது நல்லது. எழுதாத பொதுச்சுவரே வழக்குமன்றம் வரை நடக்கும் சுவர்.

சுவரைப் படிப்பது எளிது. பத்திரத்தைப் படிப்பதுதான் நம்மைப் போன்றவர்க்குக் கடினம். அது நாம் பள்ளியில் பயிலாத எழுத்தில் இருக்கிறது. பேச்சளவில் கன்னடம் சரளமாக அறிந்த தமிழர் இங்கே இலட்சக்கணக்கில் உண்டு; ஆனால் கிரயப் பத்திரத்தின் நடையைப் படிப்பவர் சிலரே. அதனால் தரகர் விரல் வைத்துக் காட்டும் வரியையே நம்பிக் கையெழுத்திடுகிறோம். நாமே ஏற்படுத்திக்கொண்ட வழக்கறிஞர் ஒருவர் கட்டாயம் வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே வழக்கறிஞரை வைத்துக்கொண்டு மிச்சம் பிடிக்கும் கட்டணம், பிடிக்கத்தக்க மிச்சமன்று.

கத்தா இருந்தால் சொத்து தம்முடையது என்று பலர் எண்ணுகின்றனர். கத்தா என்பது மாநகராட்சி வரி வாங்குவதற்காக வைத்திருக்கும் பேரேட்டுப் பதிவு மட்டுமே. உரிமைச் சான்று அன்று. ஆயினும் அது இல்லாமல் காரியம் நடவாது. 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து மின்-கத்தா இன்றிப் பதிவே இல்லை. உரிமையை அறிய மூலப்பத்திரத்திலிருந்து தொடங்கிச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தொட்டு வரவேண்டும். அதற்குத் துணை வில்லங்கச் சான்று. முப்பது ஆண்டுக்கேனும் எடுக்க வேண்டும். நான் அதற்கு மேலும் எடுக்கச் சொன்னேன். பதிவுத் துறையின் கணினித் தளத்துக்குக் காவேரி என்று பெயர். குடிநீரும் காவிரி, பத்திரமும் காவேரி! கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் காத்திருந்தோம்.

வந்த தாளில் ஒரு வரி என்னை நிறுத்தியது. இவ்வீடு கைமாறிய நாள் 1992-ஆம் ஆண்டு பிப்ரவரி. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி, 1991 டிசம்பரில் இந்நகரில் நடந்த கலவரத்தில் தமிழர் பலர் உடைமையிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு தமிழர் விற்றிருக்கிறார். மற்றொரு தமிழர் வாங்கியிருக்கிறார். விற்றவர் திருப்பத்தூர்ப் பக்கம் போய்விட்டாராம். வாங்கியவர் ஆலைத் தொழிலாளி, இந்த அம்மையாரின் கணவர். "எல்லாரும் போகிறார்கள், நீங்கள் ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். எங்கே போனாலும் இதே கைதானே உழைக்கப் போகிறது, இங்கேயே உழைக்கட்டும் என்றார்" என்று அம்மையார் சொன்னார். விலையைக் குறைத்துக் கேட்கவில்லை என்பதையும் அழுத்திச் சொன்னார். அதை நான் நம்பினேன். பத்திரத்தில் கண்ட தொகையும் அக்காலத்துக்குக் குறைந்ததன்று.

அந்தத் தொழிலாளி உயில் எழுதாமல் மறைந்தவர். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். எங்களோடு பேரம் பேசியவர் மூத்த மகன். தம்பியும் ஒரு தங்கையும் உடன்படுகின்றனர் என்றார். கோலார் தங்கவயலில் வாழும் இளைய தங்கை, "சீர் வாங்கிக்கொண்டு போனவள், அவளுக்கு இதில் ஒன்றும் இல்லை" என்றார். இப்பேச்சை நம் வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். தந்தை தாமே ஈட்டி, உயில் எழுதாமல் விட்டுச்சென்ற சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் மூதாதையர் வழிக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை தந்தது. சீர் கொடுத்ததால் பங்கு தீர்ந்துவிடாது. அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் வாங்கினால், என் தங்கையின் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழக்கின்மேல் கட்டிய வீடாகும். "அவர் வந்து கையெழுத்திடும்வரை முன்பணம் ஒரு ரூபாயும் தரவேண்டாம்" என்று மருமகனிடம் சொன்னேன். மூத்த மகனுக்கு என்மேல் வருத்தம். வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு மாதம் பேச்சே இல்லை. அந்த மாதம் முழுதும் தங்கை என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் வீட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை; கேட்காமலிருப்பதைப் பார்க்கத்தான் எனக்குக் கடினமாக இருந்தது.

இந்த இடைவெளியில் இன்னொன்றும் தெரியவந்தது. மாடியில் குடியிருந்தவர் வாடகைக்கு இருக்கவில்லை, ஒத்திக்கு இருந்தார். இந்நகரில் இதை லீஸ் என்பர். ஆறு இலட்சம் கொடுத்து, வாடகையின்றி இருப்பது. எழுதிய தாள் உண்டு, பதிவு இல்லை. ஆகவே வில்லங்கச் சான்றில் அது தோன்றாது. பணம் திரும்பக் கைக்கு வராமல் அவர் இடம்விட்டு அசையமாட்டார், அசையவும் வேண்டியதில்லை. படியேறிச் சென்று, "நீங்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள்? எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்?" என்று நேரிற் கேட்டபோதே இது வெளிப்பட்டது. எந்த அலுவலகமும் தராத சான்று அது.

மூத்த மகன் மீண்டும் வந்தார். வேறு வாங்குவோரின் வங்கியும் இதே கையெழுத்தைத்தான் கேட்டதாம். பிறகு கணக்குப் போட்டோம். வங்கி மதிப்பீட்டாளர் பார்வையில் விலை முழுதும் மண்ணுக்கே. முன்பகுதிக் கட்டடத்துக்கு மதிப்பென்று பெரிதாக ஒன்றுமில்லை. கடன் தீரும் காலத்தைத் தாண்டியும் கட்டடம் நிற்குமா என்பதே அவர்கள் கவலை. பின்பகுதி அந்தத் தேர்வில் தேறியது. அத்தெருவில் மண் விற்கும் விலையோடு தேக்குக்கும் கல்லுக்கும் ஒரு சிறு தொகை சேர்த்து, மின்கம்பி, குழாய், கூரை, சுவர்ப்பூச்சு ஆகியவற்றின் செலவைக் கழித்து எழுதிக் காட்டினேன். கழித்த செலவிலும் ஒரு சிறு பங்கைக் கூட்டியே வைத்தேன். பதினைந்தடித் தெருவில் லாரி நுழையாது. மணலும் கல்லும் தலைச்சுமையாகவே வரவேண்டும். ஒத்திப் பணத்தை விலையிலிருந்து நேரே மாடிக்காரரிடம் கொடுத்து ரசீது பெறுவதென்று முடிவாயிற்று. விற்போர் சொன்ன விலைக்கும் எங்கள் விலைக்கும் நடுவே, எங்கள் பக்கம் சற்று நெருங்கிய இடத்தில் பேரம் நின்றது.

ஒப்பந்தம் எழுதும் நாளில் இளைய மகள் தங்கவயலிலிருந்து காலை இரயிலில் வந்திருந்தார். 2001-இல் சுரங்கம் மூடியபின் நாள்தோறும் அந்த இரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து செல்லும் ஆயிரக்கணக்கானோரில் அவர் கணவரும் ஒருவர். பங்குத் தொகையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தாளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "அம்மா எங்கே இருப்பாங்க?" என்று மட்டும் அண்ணனிடம் கேட்டார். மூத்தவர் தம் வீட்டில் அறை கட்டிக்கொண்டிருப்பதாகவும், தை மாதத்துக்குள் முடிந்துவிடும் என்றும் சொன்னார். அதுவரை? யாரும் விடை சொல்லவில்லை. அம்மையார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகனின் மனைவிதான் பேசினாள். "மாடி காலியானதும் நாங்கள் அங்கே குடிவந்துவிடுகிறோம். கீழே வேலையும் நடக்க வேண்டும், ஒரேயடியாக முடியாது. அம்மா தை வரைக்கும் முன்னறையிலேயே இருக்கட்டும்."

வழக்கறிஞர், இது பின்னால் தொல்லை தரும், வாய்ச்சொல்லாக இருக்கட்டும் என்றார். எழுதித்தான் ஆகவேண்டும் என்று நான் சொன்னேன். நாள், அறை, வாடகை இல்லை என்பது உட்பட. அவர் முணுமுணுத்துக்கொண்டே அதையும் ஒரு விதியாகச் சேர்த்துத் தட்டச்சுக்கு அனுப்பினார்.